தக்காளி சாரின் சாந்தம்

கோபம் வந்தால் முகம் சிவக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். குடிநீர் அலுவலகத்தின் மேலதிகாரிக்கும் அது தெரிந்துவிட்டதுதான் வினையாகப் போயிற்று. எங்கோ பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியவர், அலுவலகத்தைச் 'சாந்த நிலையமாக' மாற்றத் திருவுளம் கொண்டார். வாசலில் ஒரு கருவி வந்து இறங்கியது. சிவந்த முகத்தைக் கண்டால் சிவப்பு விளக்கை எரியவிட்டு, "தாங்கள் கோபமாக இருக்கிறீர்கள்" என்று தேன் ஒழுகச் சொல்லும்.

முதலில் மாட்டியவர் புகார் ஜன்னல் குமாஸ்தா. கன்னமும் மூக்கும் எந்நேரமும் சிவந்திருப்பதால் அலுவலகத்தில் அவர் பெயர் தக்காளி. வயதை மதித்துத் 'தக்காளி சார்'. ரோசேசியா என்ற தோல் நோய் அது. வெயில் பட்டால் சிவக்கும், சூடாகக் குடித்தால் சிவக்கும், யாராவது உற்றுப் பார்த்தாலோ கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர்களே அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டியதில், விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார், பாவம். ஆனால் ஜன்னலில் அவர் ராஜா. குழாயில் காற்றுதான் வருகிறது என்று குதித்துக்கொண்டு வருபவர்கள், தங்களைவிடக் கோபமான ஒரு முகத்தைக் கண்டு அடங்கிப்போவார்கள். அவரோ, "உக்காருங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டு, கடைசிவரை காது கொடுப்பார். அந்த ஜன்னலை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

சிவப்பு விளக்கு எரிந்தவர்களைச் சாந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அங்கே கதவைச் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி, ஆவி பறக்க மூலிகைத் தண்ணீர் கொடுத்தார்கள். தக்காளியாக உள்ளே போனவர் பீட்ரூட்டாக வெளியே வந்தார்.

"கோபம் முத்திடுச்சு," என்றார் சாந்தப் பயிற்சியாளர், இன்னொரு குவளையை ஊற்றியபடி.

தக்காளி சார் மேலதிகாரியிடம் ஓடினார்.

"சார், இது கோபம் இல்லை சார், தோல் வியாதி. டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டர் மனுஷன், தப்பு பண்ணுவாரு. மெஷின் பண்ணுமா?"

"எனக்குக் கோபமே வராது சார்!"

"அதான் சொல்றேன். எல்லாத்தையும் உள்ளேயே அடக்கி வெச்சிருக்கீங்க. வேற வழியில்லாம மூக்குல வந்து நிக்குது. இன்னொரு தடவை சிவந்தீங்க, கிடங்குல பைப்புக்குக் காவல் போட்டுருவேன். பைப்பு கூட யாரும் சண்டை போட முடியாது பாருங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி, அவரைக் கண்ணாடி முன்னால் இழுத்து உட்காரவைத்தார். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது அவர் தொழில்.

"விடிய விடிய அழுத பொண்ணையே சிரிச்ச முகமா ஆக்கி அனுப்பியிருக்கேன். உங்க மூக்கு எம்மாத்திரம்?"

"ஐயோ, எரியுதுடி!"

"எரிஞ்சா எரியட்டும், சிவக்காதுல்ல? வாயைத் திறக்காதீங்க, பூச்சு வெடிச்சிரும்."

மறுநாள் பச்சை விளக்கு எரிந்தது. "தாங்கள் பரம சாந்தமாக இருக்கிறீர்கள்." மேலதிகாரி பூரித்துப்போய் அவர் சட்டையில் பதக்கம் குத்தினார். குத்திய கையோடு, திட்டத்தைப் பொதுமக்களுக்கும் விரிவாக்கினார்.

வெயிலில் காலிக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் முகம் வேறெப்படி இருக்கும்? அத்தனை பேரும் சாந்த அறைக்குப் போய்ச் சூடாகக் குடித்துவிட்டு வீடு திரும்பினார்கள். 'புகாரே இல்லாத அலுவலகம்' என்று வாசலில் பலகை ஏறியது.

ஜனங்களா விடுவார்கள்? விஷயம் கசிந்ததும் ஊரே பூசிக்கொண்டது. தக்காளி சாரின் மனைவி அலங்காரப் பெட்டியோடு வாசலுக்கு எதிரிலேயே கடை போட்டுவிட்டார். வெளுத்த முகங்கள் வரிசையாகப் பச்சை விளக்கைத் தாண்டி ஜன்னலுக்கு வந்தன.

"உக்காருங்க, என்ன ஆச்சு?" என்றார் தக்காளி சார், தன் பூச்சையும் மறந்து, ஆவலாக.

முன்னால் நின்றவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, தலையை மெல்ல ஆட்டிவிட்டு நகர்ந்தார். வாயைத் திறந்தால் பூச்சு வெடித்துவிடும். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும்.

"பாத்தீங்களா, ஊரே சாந்தமாயிடுச்சு!" என்று அவர் முதுகில் தட்டினார் மேலதிகாரி.

தக்காளி சாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபம் வந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கே ஓடி, ஊரைப் பார்த்துக் கத்தினார்.

"தண்ணி வரலைன்னு ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லுங்களேய்யா!"

கருவி அவரை நிதானமாகப் பார்த்தது. வாயோரம் பூச்சு வெடித்திருந்தாலும், கன்னமும் மூக்கும் வெள்ளையாகவே இருந்தன. பச்சை விளக்கு எரிந்தது.

"தாங்கள் பரம சாந்தமாக இருக்கிறீர்கள்."

வரிசையில் நின்றவர்கள், முகம் அசையாமல், கை தட்டினார்கள்.