மடியின் மருத்துவப் பயன்கள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, குழந்தைகள் நல ஆய்வு மையத்தின் தயவில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருந்தால் அது சீக்கிரம் தேறிவிடும் என்பதைக் கண்டுபிடித்தது.

இது எங்களுக்கு முன்பே தெரியுமே என்று சில தாய்மார்கள் முணுமுணுக்கலாம். தெரிந்திருப்பது வேறு, 'நிறுவுவது' வேறு. படம் போட்டு, கோடு கிழித்து, மேடையில் காட்டும்வரை அது வெறும் பாசம். காட்டிய பிறகுதான் அறிவியல்.

அந்தக் கோட்டைக் கிழித்தவள் மையத்தின் புள்ளியியல் ஆய்வாளர். அலுவலகத்தில் அவளைப் 'புள்ளி மேடம்' என்று கூப்பிடுவார்கள். மையத்தில் பெரும்புள்ளிகள் மேல்மாடியில் இருந்தார்கள். இவள் கீழே உட்கார்ந்து சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு காய்ச்சல், எப்போது குறைந்தது, எப்போது மறுபடி விளையாட ஆரம்பித்தது என்ற விவரமெல்லாம் பெயரில்லாமல், ஊரில்லாமல், வெறும் எண்களாக அவளிடம் வரும். பக்கத்தில் ஆள் இருந்த பிள்ளைகள் முதல் பிரிவு, பச்சைப் புள்ளி. ஆள் இல்லாத பிள்ளைகள் இரண்டாம் பிரிவு, சிவப்புப் புள்ளி. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியைப் பார்த்து இயக்குநர் கண் கலங்கினார். "இந்த இடைவெளியை நாடே பேசும்" என்றார்.

நாடு பேச வேண்டிய நாளும் வந்தது. பத்திரிகைக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், எதற்கும் வந்துவிடும் பிரமுகர்கள் எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. அன்று காலையில் பார்த்து அவள் மகளுக்கு உடம்பு கொதித்தது.

மகளை வீட்டில் 'உருண்டை' என்பார்கள். பள்ளிக்கூடம் போக இன்னும் வயதாகவில்லை. இரண்டு நாளாகச் சளி இருந்தது. இப்போது காய்ச்சலோடு வலது காதையும் கையால் பொத்திக்கொண்டு, "உள்ள யாரோ குத்துறாங்கம்மா" என்று அழுதாள். அப்பா கப்பலில் இயந்திரம் பார்ப்பவர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார், மீதிப் பாதி கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இப்போது கடலில் இருக்கும் பாதி.

அவள் இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"சார், பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குது. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு..."

"அடப் பாவமே! எவ்வளவு இருக்கு?"

"நூத்திரண்டு சார். காது வேற வலிக்குதுன்னு அழுவுறா."

"காதா!" இயக்குநரின் குரலில் ஒரு பிரகாசம் வந்தது. "சளியிலேர்ந்து காதுக்குப் போயிருக்கு. அந்த வகையில நமக்கு ரொம்பக் குறைச்சலா இருந்துச்சு. உடனே கூட்டிட்டு வாங்க."

"டாக்டர்கிட்டயா சார்?"

"ஆபீசுக்கு! நம்ம மழலைக் கூடம் எதுக்கு இருக்கு? கட்டில் இருக்கு, போர்வை இருக்கு, ஆயா இருக்காங்க. மணிக்கொரு தடவை காய்ச்சல் பார்த்துக் குறிச்சு வைக்கிறாங்க. வேற எந்த ஆபீஸ்ல இந்த வசதி உண்டு, சொல்லுங்க?"

"அது சரிதான் சார். ஆனா நம்ம ஆய்வே, பிள்ளைக்கு முடியலைன்னா அம்மா பக்கத்துல இருக்கணும்னுதானே..."

"அதைச் சொல்லத்தானே உங்களைக் கூப்பிடுறேன்! நீங்க பாட்டுக்கு வீட்ல உக்காந்துட்டா, அம்மாங்க வீட்ல உக்காரணும்ங்கிறதை யார் வந்து மேடையில சொல்றது?"

புள்ளியியலில் அவளுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஆனாலும் இந்த வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவளால் உடனே சொல்ல முடியவில்லை. எல்லாப் பக்கமும் ஓட்டையாக இருந்தால் அப்படித்தான், எதைச் சுட்டிக்காட்டுவது என்று தெரியாது.

மழலைக் கூடம் தரைத்தளத்தில் இருந்தது. சுவரில் மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி ஒன்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கென்று உள்ளே 'தேறும் அறை' என்று தனியாக ஓர் அறை உண்டு. வரவேற்பில் உட்காரும் பெண்ணின் பையன் அங்கே ஏற்கெனவே இருமிக்கொண்டு படுத்திருந்தான். ஆய்வுக்கூடப் பொறுப்பாளரின் இரட்டைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். பெற்றோர் வேலை நேரத்தில் அறைக்குள் வரக் கூடாது என்பது மையத்தின் விதி. அம்மாவைப் பார்த்தால் பிள்ளைகள் அழுகிறார்களாம். பார்க்காவிட்டாலும் அழுகிறார்கள். ஆனால் அதற்கு விதி எதுவும் இல்லை.

உருண்டை அவள் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எனக்குக் கட்டில் வேணாம். மடி வேணும்."

"கொஞ்ச நேரம்டா கண்ணு. அம்மா பேசிட்டு ஓடி வந்துடுவேன்."

"மடி எங்க?"

மடி இருந்தது. அதில் கணினி இருந்தது. மடிக்கணினி என்று பெயர் வைத்தவர்கள் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

மேல்மாடியில், விழாவுக்கு முந்தைய கடைசிக் கூட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு முக்கியமான சிக்கலை எழுப்பியிருந்தார்.

"மேடம், உங்க பேச்சுல 'மடி'ன்னு ஒரு சொல் அடிக்கடி வருது. அது கொஞ்சம் வீட்டுத்தனமா இல்ல?"

"மடியை வேற எப்படிச் சார் சொல்றது?"

"'பெற்றோர்சார் மென்பரப்பு'ன்னு சொல்லலாமே."

எல்லோரும் ஒரு நொடி கண்ணை மூடி அந்தச் சொல்லைச் சுவைத்தார்கள். இயக்குநர் மேசையைத் தட்டினார். "அற்புதம்! மடின்னா ஆளுக்கொரு மடிதான் இருக்கும். மென்பரப்புன்னா அதுல பெரிய பெரிய திட்டமே போடலாம்."

அவள் மடியை அடித்துவிட்டு மென்பரப்பு என்று எழுதினாள். எழுதும்போது காதில் விழுந்ததெல்லாம் தரைத்தளத்து அழுகைதான். அத்தனை தூரத்திலிருந்து கேட்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் கேட்டது.

விழா தொடங்கியது. அரங்கத்தில் குளிர்சாதனம் எல்லோரையும் விறைக்கவைத்தது. முன்வரிசையில் பத்திரிகைக்காரர்கள், பின்வரிசைகளில் கட்டாயத்தின் பேரில் மகிழ்ச்சியோடு வந்திருந்த மைய ஊழியர்கள். அவள் மேடையேறி, திரையில் பச்சைப் புள்ளிகளையும் சிவப்புப் புள்ளிகளையும் காட்டிப் பேச ஆரம்பித்தாள். "பெற்றோர்சார் மென்பரப்பு கிடைத்த குழந்தைகளுக்கு..." என்று சொல்லும்போது கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். ஆயா.

"மேடம், பாப்பா ரொம்ப அழுவுது. காதைப் பிடிச்சுக்கிட்டு உதைக்குது. காய்ச்சல் ஏறிக்கிட்டே போவுது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் இயக்குநரின் பக்கம் குனிந்தாள். "சார், நான் கீழ போகணும்."

"ஒரே ஒரு படம்தானே பாக்கி," என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே. "இடைவெளியைக் காட்டிட்டுப் போங்க."

அவள் இடைவெளியைக் காட்டவில்லை, ஏற்படுத்தினாள். கையிலிருந்த ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு, பையைக்கூட எடுக்காமல், மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கி ஓடினாள். தேறும் அறையின் கதவைத் திறந்தபோது விதி ஞாபகம் வந்தது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். உருண்டையின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழுகை கூடவில்லை. இரண்டு கையையும் நீட்டி, தோளில் ஒட்டிக்கொண்டு, ஒரு நீளமான விம்மலோடு நிறுத்தினாள்.

நேரே டாக்டரிடம் போகலாம் என்றால் வண்டிச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் மேடையில் விட்டு வந்த பையில் இருந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அரங்கத்துக்குள் நுழைந்தாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காய்ச்சல் பிள்ளை, அம்மா தோள், அமைதி. யாரோ கைதட்டினார். அவ்வளவுதான், அரங்கமே கைதட்டியது. கேமராக்கள் பளிச்சிட்டன. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் நேரடிச் செயல்முறை விளக்கம்! பாருங்க, அழுகை நின்னுடுச்சு. இந்த ஏற்பாட்டுக்காக நம்ம ஆய்வாளர் எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்கன்னு பாருங்க!"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு நிருபர் எழுந்தார். வயதில் சின்னவர், கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர்.

"ஒரு சந்தேகம் சார். பச்சைப் புள்ளி சரி. அந்தச் சிவப்புப் புள்ளிங்க இருக்கே, காய்ச்சல்ல பக்கத்துல அம்மா அப்பா இல்லாம கிடந்த பிள்ளைங்க, அவங்களை எங்க பிடிச்சீங்க? எந்தப் பெத்தவங்க இதுக்குச் சம்மதிப்பாங்க?"

அவளும் நின்றாள். இந்தக் கேள்வியை இத்தனை நாள் தான் ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

இயக்குநர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

"நல்ல கேள்வி! பச்சைப் புள்ளிங்க வெளி ஆஸ்பத்திரிங்கள்லேர்ந்து வந்தது. சிவப்புக்கு மத்தவங்க ஊர் ஊரா அலைவாங்க. நாங்க கட்டடத்தை விட்டு வெளியில போகவே இல்ல. எல்லாம் நம்ம தேறும் அறையிலயே கிடைச்சாங்க. நம்ம ஊழியர்கள் அவ்வளவு அர்ப்பணிப்பு உள்ளவங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட லீவு எடுத்தது கிடையாது. எடுக்க நாங்க விட்டதும் கிடையாது!"

பிரமுகர் ஒருவர் கைதட்டினார். பின்வரிசைகளில் யாரும் தட்டவில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். நேற்றுவரை, எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளிகள். போன மாதம் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகத் தேறும் அறையில் துவண்ட உருண்டை அதில் ஒன்று. அதற்கு முந்தி இருமிக்கொண்டே கிடந்த உருண்டை இன்னொன்று. சொந்த மகளுக்கே புள்ளி வைத்து, அதை வரிசையில் நிறுத்தியிருக்கிறாள்.

மேசையில் இன்னொரு ஒலிவாங்கி இருந்தது. அதை எடுத்தாள். கோபத்தில் கத்துவோம் என்றுதான் நினைத்தாள். பிள்ளை தோளில் தூங்க ஆரம்பித்திருந்ததால் மெதுவாகத்தான் பேச வந்தது.

"சார், உங்க ரெண்டாம் பிரிவுல ஒண்ணைக் குறைச்சுக்குங்க. என் பொண்ணு இன்னையிலேர்ந்து பச்சை."

அவள் படியிறங்கி வாசலுக்குப் போகும்போது பின்வரிசையில் நாற்காலிகள் கரகரத்தன. ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் எழுந்தார். "ரெண்டைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தரைத்தளத்துக்கு ஓடினார். வரவேற்புப் பெண் அவரையும் முந்திக்கொண்டு ஓடினாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். இயக்குநர் ஒலிவாங்கியில், "இடைவேளை, இடைவேளை" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "நல்லாச் சிவந்திருக்கு, நல்லவேளை இன்னைக்கே வந்தீங்க" என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டில் உருண்டை அம்மா மடியில் சுருண்டு, வாயைத் திறந்து தூங்கினாள். கால் மரத்துப்போனது. அவள் நகரவில்லை. கணினியில் இயக்குநரின் அழைப்புகள் வந்து வந்து போயின. அதை வைக்க மடியில் இடமில்லை.

வலி அடங்கி, காய்ச்சல் விட்டு, உருண்டை சோபாவிலிருந்து குதித்துத் தலையணைகளையெல்லாம் தரையில் போட்டபிறகுதான் அவள் அலுவலகம் போனாள். வேலை இருக்குமா இருக்காதா என்று யோசித்துக்கொண்டேதான் போனாள். தேறும் அறையில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஆயா ஓய்வாக உட்கார்ந்து ஒட்டகச்சிவிங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லீவு கேட்காதவர்களே இப்போது இல்லையாம். நிருபர் எழுதியதைப் படித்த மேலிடம், லீவை மறுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டதாம்.

இயக்குநர் தன் அறையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. அதைத் தாண்டிய ஒரு துக்கத்தில் இருந்தார்.

"வாங்க மேடம். பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லாயிட்டா சார். குதிச்சுக்கிட்டு இருக்கா."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க," என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருமல் போயிடுச்சு, காய்ச்சல் போயிடுச்சுன்னு வரிசையா வந்து சொல்றாங்க. பிள்ளைங்க எல்லாம் இப்படிச் சட்டுச்சட்டுன்னு குணமாயிட்டா, குழந்தைகள் நல ஆய்வை நாம எப்படிங்க நடத்துறது?"