மாமாவின் மின்னஞ்சலுக்கு வந்த மணவிலக்கு

கணினி கேட்கும் எதையும் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்தும் ரகம் நான். அதனால்தான் கல்யாணமான நான்காவது மாதமே எனக்காகக் குடும்பக் கூட்டம் போட நேர்ந்தது.

அப்போது வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு. சிங்கப்பூரில், எங்கள் செங்காங் வீட்டில், மாமனாரின் கணினியில், பல்கலைக்கழக நூலகத்தின் இணையத் தரவுத்தளத்தைத் திறந்தேன். கட்டுரைத் தலைப்பு மணவிலக்கு. “பல துறைகளிலும் தேடுங்க” என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். சட்டம், உளவியல், பொருளியல், மருத்துவம் என்று நான் ஒன்றையும் விடவில்லை. (மருத்துவம் எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) புதிய கட்டுரைகள் வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கட்டுமா என்று கேட்டது. தாராளமாக! என் பெயரைத் தட்டினேன். கீழே தானாக வந்து நின்றது மாமாவின் முகவரி என்பதை யார் பார்த்தார்கள்?

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை, பூன் லேயிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நின்றார்கள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மாமா மேசையில் ஒரு ஃபைலை வைத்தார். என் பெயருக்கு வந்த அத்தனை மின்னஞ்சலையும் அச்சடித்து, துறைவாரியாக அடுக்கியிருந்தார்.

“எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் லா. சட்டம் சரி, மெடிக்கல் வரைக்கும் போயிட்டியேம்மா!”

என் கணவர் கார்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. “போன வாரம் குப்பை கொட்டாததுக்கா?”

“ஐயோ, அது அசைன்மென்ட் மாமா!”

“இதெல்லாமா யூனில சொல்லிக் குடுக்கிறாங்க?” என்றார் அப்பா. பாதி எழுதிய கட்டுரையைத் திறந்து காட்டிய பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

கையோடு அந்த அறிவிப்பை நிறுத்தப் போனேன். ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த என் மாமியார், “இரும்மா” என்று தடுத்தார்.

“ஃபைல்ல இருந்த சட்டக் கட்டுரைய முழுசாப் படிச்சுட்டேன். முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவளுக்கு வீட்டுல எவ்வளவு பங்குன்னு தெளிவா சொல்லல. அடுத்தது வரட்டும்.”

மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அறிவிப்பு இன்றும் வருகிறது, இப்போது என் முகவரிக்கு. சாம்பாரில் உப்பில்லை என்று மாமா ஆரம்பித்தால், அத்தை அவர் பக்கமே திரும்ப மாட்டார். என்னைத்தான் பார்ப்பார்.

“செல்வி, இந்த வாரம் புதுசா ஏதும் வந்துருக்கா?”

மாமா சட்டென்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொள்வார்.