கல்விக்கு மட்டுமே எரியும் விளக்கு

சூரியனைப் படைத்தபோது கடவுள் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டார். சாயங்காலமானால் அது அணைந்துவிடுகிறது. அந்தத் தவறைத் திருத்தும் பொறுப்பை, ஹைத்தி நாட்டின் ஜாக்மெல் நகரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும் கெர்வென்ஸ் ஏற்றுக்கொண்டான். ஏழைகளுக்கு மலிவு விலையில் சூரிய விளக்கு! நிறுவனத் தலைவன் அவனே. செயலாளர், பொருளாளர், சாலிடர் வைப்பவர் ஆகிய பதவிகளை வகுப்புத்தோழி நாயிகா வகித்தாள்.

வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் அவர்களை 'கல்வி ஒளி' என்ற பிரிவில் சேர்த்திருந்தார்கள். ஆகவே மலைமேல் இருக்கும் மோர்ன் சிட்ரோன் கிராமத்துக்குச் சோதனை விளக்குகள் கொடுத்தபோதே கெர்வென்ஸ் அறிவித்துவிட்டான்: விளக்கு கல்விக்கு மட்டுமே, மீறினால் பறிமுதல்.

ஒருநாள் அந்தி சாய்கையில் 'கள ஆய்வு' தொடங்கியது. எலிஃபெட் வீட்டு முற்றத்தில் மாங்கிளையில் விளக்கு தொங்கியது. அதன்கீழ் மேசையைச் சுற்றி நாலு பேர் டொமினோக் காய்களை அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். தோற்றவர் முகத்தில் துணிக் கிளிப் மாட்டுவது அங்கே வழக்கம். எலிஃபெட்டின் காது, மூக்கு, தாடி எங்கும் கிளிப். துணிக்கொடியே எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

"வா தம்பி, என் எடத்துல உக்காரு. மூக்கு வலிக்குது."

"மாமா, வெளக்கு எதுக்குக் குடுத்தோம்?"

"இருட்டா இருக்குன்னு."

கெர்வென்ஸ் கண்ணை மூடி, தேசத்துக்காகச் சற்று வருந்தினான். "மூஞ்சில கிளிப்ப மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா இந்த நாடு எப்ப உருப்படறது?"

"படிப்புதானே வேணும்? அந்தா பாரு."

மேசையின் மறுமுனையில், அதே வெளிச்சத்தில், எலிஃபெட்டின் மனைவி இதாலி வரிமேல் விரலை நகர்த்தி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவருக்கு முதியோர் எழுத்தறிவுத் தேர்வு.

"படிக்கிறாங்களே!" என்றாள் நாயிகா.

"நம்ம விளம்பரப் படத்துல யாரு இருக்கா? கொழந்த. நடுவருங்களும் கொழந்தையத்தான் கேப்பாங்க. இவங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்ணு," என்றார் இதாலி, தலை நிமிராமல். "ரெட்டச் சடை வேணா போட்டுக்கட்டுமா, மொதலாளி?"

ஆட்டக்காரர்கள் சிரித்த சிரிப்பில் எலிஃபெட்டின் மூக்குக் கிளிப் தெறித்து விழுந்தது. நிர்வாகத்தைப் பார்த்துச் சிரிப்பது விதிமீறல்களிலேயே கொடியது. கெர்வென்ஸ் எம்பி விளக்கைக் கழற்றினான்.

இதாலி எழுந்து வந்தார். இப்போது குரலில் கேலி இல்லை. "திங்கக்கெழம வரைக்கும் விட்டு வை, தம்பி. பகல் பூரா சந்தைல கெடக்கேன். படிக்க இந்த நேரந்தான் இருக்கு."

"விதின்னா விதிதான், மதாம்."

"கெர்வென்ஸ், மூணு நாள்தானே?" என்றாள் நாயிகா.

"இன்னிக்கு இவங்களுக்கு எறங்கி வந்தா, நாளைக்கு ஊரே படிக்காம வெளக்கு கேக்கும்," என்று கொள்கை விளக்கம் அளித்துவிட்டு இறங்கி நடந்தான்.

கல்லூரி விடுதியில் வழக்கம்போல மின்சாரம் இல்லை. பறிமுதல் விளக்கின் வெளிச்சத்தில் நடுவர்களுக்கு அறிக்கை தயாரானது: 'மோர்ன் சிட்ரோன் மக்கள் ஒளிக்கு இன்னும் பக்குவப்படவில்லை.' அனுப்பியும் ஆயிற்று. எரிகிற விளக்கை வீணாக்குவானேன் என்று அறைத்தோழர்கள் டொமினோவுக்கு மேசையை இழுத்துப் போட்டார்கள்.

மலைமேல் இதாலி மண்ணெண்ணெய்ப் புட்டியின் திரியை ஏற்றி, இருமிக்கொண்டே புத்தகத்தைக் கிட்டத்தில் நகர்த்திய அதே நேரத்தில், 'கல்வி ஒளி'யின் கீழ் நிறுவனத் தலைவன் மறுபடியும் தோற்று, மறுபேச்சில்லாமல் தன் இரண்டாவது காதைக் காட்டினான்.