நான் ஆறுதல் சொன்ன லட்சணம்

ஆறுதல் சொல்ல வாய் ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இருபத்திரண்டு வயதில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

அப்போது நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. மூட்டைகளுக்கு நம்பர் போடுகிற வேலை. நடை மட்டும் கவர்னருடையது. அந்த வருஷம் மழை கொட்டிய கொட்டில் ரோச்சோர் கால்வாய் கரை புரண்டு, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைத்தவர்களின் அத்தாப்பு ஓலைக் குடிசைகளை முழுங்கிவிட்டது. என் நண்பன் காதர் மைதீன் வீட்டில் துணி வியாபாரம். அவர்கள் தங்கள் சரக்குக் கிட்டங்கியைக் காலி செய்து அத்தனை பேரையும் தங்கவைத்தார்கள். நாங்கள் இளவட்டங்கள் வீடு வீடாக அரிசியும் துணியும் திரட்டிக் கொண்டுபோனோம்.

“அரிசி வயித்துக்கு ஆச்சு. மனசுக்கு என்ன செய்யிறது? யாராச்சும் பக்கத்துல உக்காந்து பேசணும்டா,” என்றான் காதர்.

“அத எங்கிட்ட விடு,” என்றேன். (அவன் என்னைக் கேட்கவே இல்லை.)

கிட்டங்கி மூலையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பெயர் பாக்கியம். பக்கத்தில் வைத்திருந்த கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சரியான ஆள் கிடைத்துவிட்டது என்று துணி மூட்டையோடு போய் உட்கார்ந்தேன்.

“உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?”

“அவரு போயிட்டாரு ஐயா. விடியக்காலையிலயே போயிட்டாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல.”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மூட்டையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எத்தனையோ சேலைகள். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, சமயோசிதமாக ஒரு வெள்ளைச் சேலையை உருவி அவள் மடியில் வைத்தேன்.

“எல்லாரும் ஒருநாள் போகவேண்டியவங்கதாம்மா. நல்ல மனுஷன். இனிமே நீங்கதான் மனச தேத்திக்கணும்.” (அந்த நல்ல மனுஷனை நான் கண்ணால் கண்டதில்லை.)

பாக்கியம் சேலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெளியிலிருந்து வந்தவன், சட்டை போட்டவன், கிராணி. சேதி தெரியாமலா சொல்வான்?

“ஐயோ! எம் புருஷன் போயிட்டாரே!”

அவள் போட்ட கூச்சலில் கிட்டங்கியே எழுந்து நின்றது. பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். என் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று மலைத்துப்போய், நானும் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காதர் பதறி ஓடிவந்தான். “வேலுச்சாமியண்ணனா? யாருடா சொன்னது?”

“அவங்கதான் சொன்னாங்க.”

பாக்கியத்தின் அழுகை சட்டென்று நின்றது. “நான் எங்க சொன்னேன்? எரும அத்துக்கிட்டு ஓடிடுச்சு, அதத் தேடப் போயிட்டாரு. செத்துட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க!”

அத்தனை கண்களும் என் மேல். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த கணம் எல்லோருக்கும் நிஜமாகவே பயம் வந்துவிட்டது. விடியற்காலை போன மனிதர், மத்தியானம் தாண்டிவிட்டது, வெளியே இன்னும் வெள்ளம். என் வாக்கு பலித்துவிட்டால்?

“வாடா தேடுவோம்,” என்று காதர் இழுத்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். போகிற வழியில் காளியம்மனிடம் நான் செய்துகொண்ட வேண்டுதல்களை அப்படியே நிறைவேற்றியிருந்தால் இன்று எனக்குத் தலையில் முடியே இருக்காது. கண்ணை வானத்தில் வைத்து நடந்ததில், காலடியில் சாக்கடை வந்தது தெரியவில்லை. முழுகினேன். எனக்கு நீச்சல் தெரியாது.

யாரோ என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தால், முதலில் தெரிந்தது ஒரு எருமை முகம். அதன் மேல் சேறு பூசிய ஒரு மனிதர்.

“வேலுச்சாமியண்ணே!” என்று காதர் கத்தினான்.

நான் அந்த மனிதரின் காலைக் கட்டிக்கொண்டேன். “அண்ணே, நீங்க உயிரோட இருக்கீங்க!”

“இருக்கேன். அதுக்கு ஏன் தம்பி இப்படி அழுவுறீங்க?” என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

கிட்டங்கி வாசலில் எருமையோடு அவர் வந்து நின்றபோது, பாக்கியம் அந்த வெள்ளைச் சேலையைச் சுருட்டி அவரை அடி அடியென்று அடித்தாள். “சொன்னா கேக்குறியா? சொன்னா கேக்குறியா?” அப்புறம் அவர் நெஞ்சிலேயே சாய்ந்து அழுதாள். விஷயம் விளங்கியதும் வேலுச்சாமி சேலையை வாங்கித் தலை துவட்டிக்கொண்டு, “எனக்கு வச்ச ஒப்பாரியில யாரு நல்லாப் பாடினா?” என்று கேட்டார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், கிட்டங்கி முழுக்கப் பற்றிக்கொண்டது. வெள்ளம் வந்தபிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு. அன்று சாயங்காலம் கஞ்சி மிஞ்சவில்லை. ஆள் ஆளாக உட்கார்ந்து தங்கள் குடிசை போன கதையைத் தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள். நான் அடுப்பங்கரைக்கு மாற்றப்பட்டேன். “வாயத் தொறக்காம கிண்டு, போதும்லா,” என்று காதர் அகப்பையைக் கையில் கொடுத்தான். எனக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

வேலுச்சாமியண்ணன் பிறகு எங்கள் வீட்டுக்குத்தான் பால் ஊற்றினார். கதையையும் சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார். விளைவு, இன்றைக்கும் யாராவது வாசலில் நின்று “அப்பா எங்கே?” என்று கேட்டால், என் பிள்ளைகள் சும்மா “போயிட்டார்” என்று சொல்வதில்லை.

“கடைக்குப் போயிருக்கார். உயிரோடதான் இருக்கார், வந்துடுவார்.”