சலீம் நானா வளவில் ஒரு குரங்கு மிஸ்

எங்கள் ஊரில் உவர்மலையிலிருந்து உட்துறைமுகம் வரைக்கும் தேடினாலும், கல்யாண வீட்டில் குரங்கின் சிறுநீரகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, புரியாணி முடியும் முன்னமே மேசையைக் காலியாக்கக்கூடிய இன்னொரு பெண்ணை நீங்கள் காணமாட்டீர்கள். எங்கள் குரங்கு மிஸ் ஒருவர்தான். அவவுக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதைப் பாவித்ததாக ஞாபகம் இல்லை.

துறைமுகப் பக்கம் சலீம் நானாவின் வளவில் இரண்டு வீடுகள். ஒன்றில் அவரும் மனைவி றகீமாவும். மற்றதில் கீழே நாங்கள், மேலே மிஸ். சம்பூர்க்காரி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, அங்குள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்காக இங்கிருந்தே கணினியில் வேலை செய்தவ.

மேல்வீட்டில் கூடு கூடாகக் குரங்கு வளர்க்கிறா என்று சந்தை முழுக்கக் கதை. உண்மையில், குரங்கைக் கண்டால் அவவுக்கு உயிர் போய்விடும். ஒருநாள் ஒன்று வந்து யன்னலில் குந்தியிருக்க, மிஸ் கதிரைக்கு மேலே ஏறி நின்று என்னைக் கூப்பிட்டா. அதைத் துரத்திவிட்டு, குரங்கு ஆராய்ச்சிக்காரிக்கு இதென்ன பயம் என்று கேட்டேன்.

“எனக்கு அவையின்ர கிட்னியை மட்டும்தான் தெரியும்” என்றா.

அவவின் வேலையை எனக்கு விளங்கின மட்டில் சொல்கிறேன். மனிதருக்கும் குரங்குக்கும் மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். எந்த மரபணு எந்த உறுப்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதிலேதான் வித்தியாசம் அதிகம். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளை முதலில் குரங்கில் பரீட்சிக்கிறார்கள். குரங்குக்குச் சரிவந்தது எங்களுக்கும் சரிவருமா என்று அறிய, இரண்டு பேரும் எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே பிரிகிறோம் என்று தெரியவேண்டும். அதைத்தான் மிஸ் நாள் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டிருந்தா.

ஒப்பிடுகிற பழக்கம் கணினியோடு நிற்கவில்லை. என் மச்சானுக்குப் பெண் பார்க்கும் நேரம், அவனுடைய படத்தைப் பார்த்து, தாடை குரங்கை விட நல்லாக அமைந்திருக்கிறது என்று பாராட்டினா. மனசாரப் பாராட்டினா. என் மனைவிக்கு அந்தப் பாராட்டு செமிக்க நெடுநாள் எடுத்தது.

அந்த நேரத்தில்தான் சலீம் நானாவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கினார். கிண்ணியாவில் மூன்று கடை நடத்தின மனுசன், படியேறவே மூச்சு வாங்கினார். ஒரு பின்னேரம் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மிஸ்ஸிடம் ஏறினார். உட்கார்ந்து, மூச்சு வாங்குவது அடங்கின பிறகு சொன்னார்:

“மிஸ், குரங்குட கிட்னி எண்டாலும் பரவாயில்ல. எனக்கு ஒண்டு வெச்சுத் தாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

ஆறுதலாக ஒரு பொய் சொல்ல மிஸ்ஸுக்குத் தெரியாது. “ஏலாது நானா” என்றா. எப்போது ஏலும் என்று அவர் கேட்டார். தான் கிழவியாகும் காலத்திலும் நிச்சயமில்லை என்றா. பிறகு, வீட்டில் கொடுக்க யாரும் இல்லையா என்று விசாரித்தா. றகீமா தருகிறேன் என்று நிற்பதாகவும், பரிசோதனைக்குப் போகக்கூடத் தான் விடவில்லை என்றும் நானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“அவவுக்கு ஒண்டு நடந்தா நான் எதுக்கு மிஸ்?”

மிஸ் எழும்பினா. செருப்பும் போடாமல் இறங்கி நேரே அவர்களின் குசினிக்குப் போனா. நானும் பின்னால் ஓடினேன். அடுப்படியில் றகீமாவைச் சுற்றி நாலு சொந்தக்காரப் பெண்கள். மிஸ் ஒரு முகமனும் சொல்லவில்லை.

“நானாவுக்குப் பயம் உங்களை நினைச்சு. அதை உங்களிட்டச் சொல்ல வெக்கம். அதுதான் என்னட்ட வந்து குரங்கின்ர கிட்னி கேக்கிறார்.”

நானா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர, றகீமா அகப்பையோடு திரும்பினார்.

“என்னைக் கேக்க முதல் குரங்கைக் கேட்டீங்களா?”

பொருந்தாமலும் போகலாம், ஆபத்து அறவே இல்லையென்று எந்த டொக்டரும் சொல்லமாட்டார் என்று மிஸ் தன் பங்குக்குச் சொல்லிவைத்தா. றகீமா அவவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்தார்.

பரிசோதித்தார்கள். பொருந்தியது. கண்டியில் சத்திரசிகிச்சை நடந்த அன்று, வளவிலிருந்த எல்லோரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். றகீமாவின் தம்பி அங்கிருந்து அழைத்து, இரண்டு பேரும் சுகம், நானாவுக்குச் சிறுநீர் வந்துவிட்டது என்றான். மூத்திரம் வந்ததற்கு ஒரு வளவே கட்டிப்பிடித்துக் கொண்டாடியதை அன்றுதான் கண்டேன். மிஸ் படியில் குந்தியிருந்து அழுதா. என் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டா.

பிறகு வேலை அழைக்க மிஸ் வெளிநாட்டுக்கே போய்விட்டா. பூட்டிக் கிடக்கும் மேல்வீட்டை வாடகைக்குக் கேட்டு இப்பவும் ஆட்கள் வருகிறார்கள். ஆள் இருக்கு என்று சலீம் நானா சொல்லி அனுப்புகிறார். அவர் இல்லாத நேரத்தில் வந்தால், நானும் அதையேதான் சொல்லுறனான்.