மண்ணைப் படித்து மருத்துவராவது பற்றி லெனோர் அத்தைக்கு

ஆல்டர் கிரீக், அயோவா
அக்டோபர் 19, ஞாயிறு பிற்பகல்

மதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய லெனோர் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் மார்ட்டா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், பூனை எல்லோரும் நலம். சோளம் முக்கால்வாசி அறுவடையாகிவிட்டது. மினியாபொலிஸில் நீங்களும் நலம் என்றும், உங்கள் நோயாளிகள் உங்களுக்கு வேலையே இல்லாமல் போகாத அளவுக்கு நலம் என்றும் நம்புகிறேன். செய்தி தட்டிவிடாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் எதை அனுப்பினாலும் நீங்கள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்தான் அனுப்புகிறீர்கள். உங்களுக்கு வார்டில் வேலை அதிகம், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது அத்தை. முழு வாக்கியங்கள் வேண்டும்.

நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் பல்கலைக்கழக விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதில் 'முதன்மைப் பாடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் டாக்டராவேன் என்பதில் மாற்றமே இல்லை. நீங்கள் எங்கள் சமையலறை மேசையில் அப்பாவின் விரலைத் தைத்தீர்களே, அந்த ஏழு வயதிலேயே அது முடிவாகிவிட்டது. ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு முன்னால் நான்கு வருடம் ஏதாவது ஒன்றைப் படித்தாக வேண்டும். எதை? இந்த ஒரு கட்டம் மூன்று வாரமாக என் சாப்பாட்டைக் கெடுக்கிறது. வியாழக்கிழமை பள்ளியில் எனக்குப் பிடித்த சில்லி பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் போட்டார்கள். நான் ரோலைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் இருந்த பதினோரு புத்தகங்களையும் படித்து ஒரு அட்டவணை போட்டேன். உயிரியல் என்றால் டாக்டராக விரும்பும் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். கூட்டத்தில் நான் எங்கே தெரிவேன்? வேதியியல் என்றால் கரிம வேதியியலில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு அத்தியாயமாக வருகின்றன. நரம்பியல் என்ற சொல்லை எழுதிப் பார்த்தாலே கம்பீரமாக இருக்கிறது, ஆனால் அது சேருவதற்கு நல்ல காரணமா என்று தெரியவில்லை. பள்ளி ஆலோசகர் மிஸ் ஓகார்டிடம் போனேன். அவர் கார் ஓட்டவும் சொல்லித்தருவதால், பேசும்போதெல்லாம் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. கணினியில் திறனறித் தேர்வு ஒன்று வைத்தார். நூற்றிருபது கேள்விகள். எனக்கு மிகப் பொருத்தமான தொழில் இறுதிச் சடங்கு நடத்துபவர் என்று வந்தது. அம்மாவிடம் காட்டினேன். "பரவால்லையே, டாக்டருக்கு அடுத்த வீடுதான்" என்றாள்.

இனிமேல்தான் அசல் சங்கதி. வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியின் கடைசி உள்ளூர்க் கால்பந்து ஆட்டம். கடைசி வருடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அப்பா அம்மாவோடு மைதானத்தின் குறுக்கே நடக்க, யார் பிள்ளை, என்ன படிக்கப்போகிறது என்று ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவிப்பார்களே, அந்த நாள். நான் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பதால் எனக்கும் உண்டு. அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை 'உயிரியல், பிறகு மருத்துவம்' என்று எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மனசு மாறி 'வேதியியல்'. புதன்கிழமை 'நரம்பியல்'. ஒவ்வொரு தடவையும் பழையதைக் கிழித்துவிடும்படி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஒழுங்கான ஆட்கள், எதையும் கிழிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். அறிவிப்பாளர் யார் தெரியுமா? டயர் கடை கஸ் பெட்ராக். அவருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. கையில் கொடுத்ததை முற்றுப்புள்ளி வரை படிக்கிற மனிதர்.

நாங்கள் நடக்கிறோம். அப்பா விதைக் கம்பெனித் தொப்பியில், அம்மா சாமந்திக் கொத்தைக் குத்திக்கொண்டு, நடுவில் நான்.

"மார்ட்டா வெஸ்ட்கார்ட்! டேல், கொரின் தம்பதியோட பொண்ணு. உயிரியல் படிச்சுட்டு டாக்டராகப் போறாங்க!" கைதட்டல். நாங்கள் இன்னும் இருபது கெஜத்தைத் தாண்டவில்லை. காகிதம் புரளும் சத்தம். "மார்ட்டா வெஸ்ட்கார்ட்! வேதியியல் படிச்சுட்டு டாக்டராகப் போறாங்க!" இன்னும் பெரிய கைதட்டல். "நரம்பியலும் படிச்சுட்டு..." பெஞ்சுகளில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ, "விடாத கஸ், இன்னும் இருக்கா பாரு!" என்று கத்தினார்கள்.

இன்னும் இருந்தது, அத்தை. நாலாவது சீட்டு நான் கொடுத்ததே இல்லை. மையில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக மட்டும் எழுதி இசைத்தாள்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தது. தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அதுவும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.

"மார்ட்டா வெஸ்ட்கார்ட்," என்றார் கஸ், "மண்ணியல் படிச்சுட்டு டாக்டராகப் போறாங்க."

இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை. அப்பா சரியாக நடுக்கோட்டில் நின்றுவிட்டார்.

"மண்ணா?"

"டேல், நடந்துகிட்டே சிரி. போட்டோ எடுக்கறாங்க" என்றாள் அம்மா, பல் தெரிய.

"நாலு தலைமுறையா நாங்க மண்ணுலதான் கெடக்கோம். நீயாவது இதவிட்டு வெளிய போவேன்னு பாத்தா, காலேஜ் போய் மறுபடியும் மண்ணா?"

"அப்பா, அது பாடம்தான்ப்பா. அதுக்கப்புறம் மெடிசின்."

"மண்ணுல இருந்து மனுசனுக்கு எந்த வழியாம்மா போறது?"

அந்த ஊர்வலப் புகைப்படத்தில் அம்மா மட்டும் சிரிக்கிறாள். இணைத்திருக்கிறேன்.

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்கிறேன். நான் பள்ளி மண் கணிப்புப் போட்டிக் குழுவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தடி ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே இறங்கி, ஒரு சிட்டிகை மண்ணை எச்சிலால் நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுக்க வேண்டும். நாடா போல நீண்டால் களிமண் அதிகம், மாவு மாதிரி வழுக்கினால் வண்டல், நறநறத்தால் மணல். சுவரில் சாம்பல் நிறத் திட்டு இருந்தால், இப்போது காய்ந்திருந்தாலும் வருடத்தில் பல மாதம் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அந்த மண் வாய் திறந்து ஒன்றும் சொல்லாது. தொட்டு, பார்த்து, முகர்ந்து, அதற்கு என்ன நேர்ந்தது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் அப்பாவின் விரலைத் தைப்பதற்கு முன்னால் வெகுநேரம் பேசாமல் அழுத்தி அழுத்திப் பார்த்தீர்களே, அந்தக் குழிக்குள் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. இந்த மாதம் மாவட்டப் போட்டியில் நான் முதல் இடம். அறுவடை என்பதால் அப்பா வரவில்லை.

மருத்துவக் கல்லூரிகள் கேட்பது குறிப்பிட்ட சில வகுப்புகளைத்தான்: உயிரியல், இரண்டு வகை வேதியியல், இயற்பியல், இப்படி. அவற்றை ஒழுங்காக முடித்துவிட்டால் முதன்மைப் பாடம் எதுவாகவும் இருக்கலாம் என்று பதினோரு புத்தகங்களில் ஒன்பது சொல்கின்றன. எனக்குப் பிடித்ததில் மதிப்பெண்ணும் நன்றாக வரும். இதையெல்லாம் அட்டவணையோடு நேற்று அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு, "உங்க அத்தைய கேளு. அவ சரின்னா சரி" என்று சொல்லிவிட்டு டிராக்டருக்குப் போய்விட்டார்.

ஆகவே அத்தை, என் எதிர்காலம் உங்கள் பேனாவில் இருக்கிறது. மண்ணியல் படித்தாலும் டாக்டராகலாம் என்று அப்பாவுக்கு எழுதுங்கள். அப்படியே, நீங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்ததாக அப்பா சொல்கிறார், ஜெர்மன் மொழி என்று அம்மா சொல்கிறாள்; எது உண்மை என்றும் ஒரு வரி சேர்த்தால் வீட்டில் ஒரு பழைய சண்டை தீரும்.

அம்மா பூசணிக் கேக் துண்டங்கள் தனியாக அனுப்புகிறாள். உங்கள் இரவுப் பணிகள் அமைதியாகக் கழியட்டும், உங்கள் கை ஒருபோதும் நடுங்காதிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மருமகள்,
மார்ட்டா

பின்குறிப்பு, திங்கள் காலை: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள்! உறையை ஒட்டப் போகும்போது அப்பா நாலு காபிக் கோப்பைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நாலிலும் மண். "எது எங்க உள்ளதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். முதலாவது மேட்டுவயல், இரண்டாவது ஓடைக்குக் கிழக்கே, மூன்றாவது பழைய மாட்டுத் தொழுவம் இருந்த இடம் என்று சொன்னேன். நாலாவதைப் பிதுக்கிவிட்டு, இது நம் நிலமே இல்லை, கடையில் வாங்கிய தொட்டி மண் என்றேன். "அதான் என் ஜெரேனியம் செடி சாஞ்சு கெடக்கா!" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். அப்பா கோப்பைகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நான் 'மண்ணியல்' என்று நிரப்பி அனுப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பம் போய்விட்டது!

ஆனால் இப்போது வேறு ஆபத்து. "இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு எதுக்கு டாக்டராகணும்? நாலு வருஷம் படிச்சுட்டு நேரா வீட்டுக்கு வா, ஓடைப் பக்கத்துல வடிகால் போடணும்" என்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு வேலைக்கு வேறு சொல்லி வைத்துவிட்டார். ஆகவே அத்தை, தயவுசெய்து நேர்மாறாக எழுதுங்கள்: மண்ணியல் படித்தவள் மருத்துவம் படித்தே தீர வேண்டும் என்று. எழுத நேரமில்லை என்றால் அந்தக் கட்டைவிரலையாவது அப்பாவுக்கு அனுப்புங்கள். எதற்கு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.