பியானோவுக்கு நான் செய்த சர்வீஸ்

எஞ்சின் திருத்துகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கழன்று கிடக்கிற போல்ட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. மருந்தும் கிடையாது.

கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் பியானோக் கச்சேரி வைத்தார்கள். அமெரிக்கப் பெண்மணி ஒருவர் (நாங்கள் நோனா என்போம்) தனியாக வாசிப்பாராம். அந்த நாட்டுப் பாட்டுகள்தான், புதியதும் பழையதும். என் மனைவியின் தம்பி றிஸ்வான் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மனேஜர் இன்னும் சொல்லவில்லை. பியானோவுக்குக் காவல் அவன்தான். அஸர் தொழுகைக்குப் போகும்போது, கச்சேரி பார்க்க வந்த என்னைத் தன் இடத்தில் காவலுக்கு நிறுத்தினான்.

“மச்சான், தொழுதிட்டு வாறன். ஒருத்தரையும் கிட்ட விடவாணாம்.”

“ஓம்.”

ஒருவரையும் விடவில்லை. (என்னைத் தவிர.)

மூடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே போல்ட்டு, ஸ்குரூ ஆணி, றப்பர் துண்டு. லொறியில் குலுங்கி வந்ததில் கழன்று விழுந்திருக்கிறது. பாவம் நோனா, அவருக்கு என்ன தெரியும்! ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எங்கே பூட்டுவதென்று விளங்கவில்லை. உடுத்திருந்த சாரனில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டேன். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது. அதனால் றிஸ்வானிடமும் சொல்லவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கச்சேரி. முதலில் புதிய பாட்டு. நோனா ஒரு கட்டையை அழுத்தினார். நிறுத்தினார். எழும்பி உள்ளே பார்த்தார். மனேஜரிடம் ஏதோ சொன்னார்.

மனேஜர் றிஸ்வானிடம் வந்தார். “கம்பிக்குள்ள வெச்ச ஆணியெல்லாம் எங்கயாம்? காலையில இருந்து பாத்துப் பாத்து வெச்சதாம். அது பட்டு வாற சத்தத்துலதான் பாட்டே இரிக்காம். யாரைக் கிட்ட விட்ட?”

றிஸ்வான் என் பக்கம் பார்த்தான். அவனுடைய வேலை என் சட்டைப் பையில் கிடந்தது.

எழும்பினேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் போய், தேநீர்த் தட்டொன்றில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“நான்தான்,” என்றேன். “கழண்டதெண்டு நெனச்சன்.”

மனேஜர் இங்கிலீசில் சொன்னார். நோனா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் எடுத்துக் கொடுக்க, அவர் பூட்டினார். (என் கடையில் பெடியன்கள் எனக்குச் செய்கிற வேலை.) சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்தார்கள்.

பிறகு வாசித்தார். டீசலில் தண்ணீர் கலந்த எஞ்சின் மாதிரிக் கடகடத்தது. இதற்குத்தான் இவ்வளவு பாடா என்று நினைத்தேன்.

பழைய பாட்டுகளுக்கு ஆணி தேவையில்லையாம். கழற்ற வேண்டும். நோனா சபையைப் பார்த்து ஏதோ சொல்லி, என்னைக் கைகாட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

“உங்களுக்குத்தான் பழக்கமாம், மச்சான்,” என்றான் றிஸ்வான். கழற்றினேன். கைதட்டினார்கள்.

பழைய பாட்டுகள் நன்றாக இருந்தன. கடலில் காற்று விழுந்து அலை அடங்கிய நேரம் மாதிரி. கால் தானாக ஆடியது.

றிஸ்வானின் வேலை நிலைத்தது. மனேஜர் சொன்னது ஒன்றுதான்: “நீ இரி. மச்சானை மட்டும் உள்ளுக்கு எடுக்காத.”

இப்போது வீட்டில் மின்விசிறி கடகடத்து, நான் குறட்டோடு எழும்பினால் மனைவி விடமாட்டாள்.

“இரிங்க. அது பாட்டாயிரிக்கும்.”